பதில் தட்டாத வீடு

அன்று உச்சிவேளையில் பேட்டைத் தெருவின் தெற்கு வரிசையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: நாலாம் வீட்டில் ஆயம்மாள். அவள் வீட்டு முன்கூடத்தில் கட்டியிருந்த வெள்ளாடு. தெரு முகப்பில், வேப்பமரத்தடியில், காவலுக்குக் குந்தியிருந்த தலையாரி அண்ணாமலை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வீடுகளில் ஆள் இல்லை. ஐந்து, ஆறு, ஏழிலும் இல்லை. ஒன்பது நாளைக்கு முன்பே எல்லாரையும் வண்டியேற்றி, ஊருக்கு வெளியே கரட்டோரத்தில் ஓலை வேய்ந்து போட்டிருந்த பிளேக் சாளைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எலிகள்கூட இல்லை. அவைதான் முதலில் செத்தன.

அதனால், மூன்றாம் வீட்டுப் பக்கச் சுவரில் தட்டு விழுந்தபோது ஆயம்மாள் வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தொம். தொம். தொம்.

அவள் கை தானாகவே மூலையில் சாத்தியிருந்த உலக்கையை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தினாள்.

பேட்டையில் குடியிருப்பது எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கொல்லிமலையிலிருந்து திருப்புலி நாட்டுப் பாதை இறங்கிவந்து சமதரையைத் தொடுகிற இடத்தில், யாரோ ஒரு பாளையக்காரன் காலத்தில் கட்டிய தெரு அது. வடக்கு வரிசை முழுக்கக் கிட்டங்கிகள். அங்கே மிளகும் தேனும் சாமையும் குடியிருந்தன. தெற்கு வரிசையில் மனிதர்கள். ஏழு வீடு, எட்டுச் சுவர். எந்தச் சுவரையும் என்னுடையது என்று ஒருவர் சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் புரண்டு படுத்தால் உங்கள் வீட்டு உறிப்பானை ஆடும். அவன் பெண்டாட்டி தாளிக்கிற கடுகு உங்கள் மூக்கில் வெடிக்கும். அவர்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று படுத்தபடியே தீர்ப்புச் சொல்லலாம். சுண்ணாம்பு உதிரும், மழைக்காலத்தில் தரை ஊறும், வெளிச்சம் வாசலோடு நின்றுவிடும். இத்தனைக்கும் அந்தத் தெருவை விட்டு யாரும் மனசாரப் போனதில்லை.

அந்தத் தெருவுக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. உச்சித் தட்டு. ஆண்கள் சந்தைக்கும் காட்டுக்கும் போன பிறகு, வெயில் தலைக்கு நேரே வரும்போது, ஒன்றாம் வீட்டில் இருப்பவர் உலக்கைப் பூணால் கிழக்குச் சுவரை மூன்று முறை தட்டுவார். இரண்டாம் வீடு ஒரு முறை பதில் தட்ட வேண்டும். ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். பிறகு தன் கிழக்குச் சுவரில் மூன்று தட்டித் தட்டை மூன்றாம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இப்படியே ஏழாம் வீடு வரைக்கும் போகும். முன்னொரு காலத்தில் தனியாக இருந்த ஒரு பெண் செத்துக்கிடந்தது நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். அந்த வெட்கத்தில் பிறந்த வழக்கம். ஒவ்வொரு சுவரிலும் இடுப்பு உயரத்தில், தலைமுறை தலைமுறையாக உலக்கை பட்டுப் பட்டு, கிண்ணம்போல் ஒரு குழி விழுந்திருந்தது.

வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. பதில் வராவிட்டால், மறுநாள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாளும் பதில் இல்லையென்றால் தெருவே உள்ளே வந்து பார்க்கும். பிணம் கிடந்தால் எடுக்கும். யாரும் இல்லையென்றால், ஆளில்லாத வீடு என்று முடிவுசெய்து, அடுப்பை அணைத்து, தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பங்காளியிடம் கொடுத்துவிடும்.

ஆயம்மாள் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தாள். உலக்கையைத் தொடவில்லை.

மூன்றாம் வீட்டில் சுப்பம்மாள் குடியிருந்தாள். ஆயம்மாள் அங்கே போனாள்; கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள். உள்ளே அடித்த வெளிச்சத்தில் கண் கூசியது. காலிசெய்த வீடுகளின் கூரை ஓடுகளையெல்லாம் பிரித்து இறக்கியிருந்தார்கள். வெயில் பட்டால் நோய்க்கிருமி சாகும் என்று சுகாதார இன்ஸ்பெக்டரின் உத்தரவு. நூறு வருஷமாக இருட்டாகவே இருந்த வீட்டில், ஒரு மூலைகூட விடாமல் வெயில் நின்றது. கூரைச் சட்டங்களின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கீல் எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த மருந்து நாற்றம். ஒளிவதற்கு ஒரு பானையின் பின்புறம்கூட இல்லை. யாரும் இல்லை.

சுவர்க் குழிக்கு நேர்கீழே, தரையில், ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் கிடந்தது. வெள்ளை வெளேரென்று. அப்போதுதான் உதிர்ந்த மாதிரி.

“சின்னுசாமி வேலை” என்றாள் ஆயம்மாள் உரக்க. தன் குரலே அந்த வெயிலில் வேறு யாருடையதோ போல இருந்தது.

சின்னுசாமி அவள் கொழுந்தன். ஐந்தாம் வீட்டுக்காரன். அவள் புருஷன் அர்த்தனாரி குடல்வலியில் போய்ச்சேர்ந்து இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. நடுச்சுவரை இடித்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்று அன்றிலிருந்தே சின்னுசாமி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மலைக்காரர்களுக்கு முன்கூடத்தைத் தங்கக் கொடுத்துப் பிழைத்துவந்தாள். சந்தைக்கு முதல் நாளே மூட்டையோடு இறங்கிவருகிறவர்கள் அங்கே படுத்துக்கொண்டு, போகும்போது ஆளுக்கு இரண்டு கை மிளகோ ஒரு சுரைக்குடுவைத் தேனோ வைத்துவிட்டுப் போவார்கள். வீடு போனால் அந்தப் பிழைப்பும் போகும். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. சாளைக்கு வண்டி வந்த அன்று அவள் வாசலில் அரிவாள்மணையைக் குறுக்கே போட்டு அதன்மேல் காலை வைத்து நின்றாள். வண்டிக்காரன் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். புழக்கடை வழியாக ஆள் விட்டு ஓடு பிரித்துவிடுவார்கள் என்று, அன்று சாயங்காலமே பின்கதவைச் செங்கல்லும் சேறும் வைத்துத் தானே அடைத்துவிட்டாள்.

தெரு முகப்புக்குப் போனாள்.

“அண்ணாமல, தெருவுக்குள்ள யாரு போனது?”

“யாரும் போகலீங்க அம்மிணி. எறும்பு ஒரு சாரை போச்சு. நாந்தான் வழி உட்டேன்.”

“மூணாவது ஊட்டுல இருந்து தட்டுனது உனக்குக் கேக்கலையா?”

“உங்க ஊட்டு ஆடு முட்டியிருக்குமுங்க.”

“ஆடு என்ற பக்கத்துல படுத்துட்டு என்ற மூஞ்சியையே பாத்துட்டு இருந்துச்சு.”

“அப்பப் பசியா இருக்குமுங்க. பசிச்சாக் காதுக்குள்ள தட்டும்.”

“சோத்தத் தின்னுட்டு இருந்தேன்யா.”

அண்ணாமலை சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, நாலாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் ஆளோடு வந்து அவள் வீட்டு ஓடுகளையும் பிரிக்கப் போவதாகச் சொன்னான். சுப்பம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்றும் சொன்னான்.

“வரட்டும்” என்றாள் ஆயம்மாள். “ஓட்டுமேல கால வெச்சவன் கீழ எறங்குறப்பக் கால் இருக்காது.”

அன்று வெயில் தாழ்ந்ததும் ஒரு முறம் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் மூன்றாம் வீட்டுத் தரை முழுக்கச் சலித்துத் தூவினாள். சின்னுசாமிக்கு இடது காலில் ஆறாவது விரல் உண்டு. வந்தால் சாம்பல் சொல்லிவிடும்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள்.

காலடி இல்லை. சாம்பலும் இல்லை. தரை பெருக்கியிருந்தது. அடுப்பிலிருந்து வாசலை நோக்கி, அரைவட்டம் அரைவட்டமாக, சீமாற்றுக் கீற்று படிந்திருந்தது. சாம்பல் முழுக்க வாசல் மூலையில் குவிந்திருந்தது. அள்ளிப்போட முறம் தேடிப் போனவள் இன்னும் திரும்பி வராத மாதிரி. சுப்பம்மாள் இடதுகைக்காரி. அவள் பெருக்கினால் கீற்று எதிர்ப்பக்கம் வளையும். பதினெட்டு வருஷமாக ஆயம்மாள் கேலி செய்த கீற்று அது.

எதிர்ப்பக்கம்தான் வளைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். அவள் வீடு ஒன்றில்தான் இன்னும் கூரை இருந்தது. ஆகவே தெருவின் இருட்டு முழுக்க அவள் வீட்டுக்குள் வந்து ஒண்டியிருப்பதுபோல் இருந்தது. மிளகு வாசனை சுவரில் ஊறி, கூடத்தில் காரமாக நின்றது. பழைய வீடு வெயில் ஏற ஏற முனகும். விட்டம் விரியும் சத்தம், ஓடு காய்ந்து நெளியும் சத்தம், கரையான் உதிர்க்கும் மண். இவையெல்லாம் அவளுக்குப் பழக்கம். வரிசையில் ஆள் இருந்தவரை இவற்றுக்கு மேலே மனிதச் சத்தம் ஒரு போர்வைபோல் கிடக்கும். யாரோ இருமுவார்கள், யாரோ குழந்தையை வைவார்கள், யாரோ அம்மியை நிமிர்த்துவார்கள். அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் ஒரு வீடு எவ்வளவு பேசுகிறது என்பது அவளுக்கு இந்தப் பத்து நாளில்தான் தெரிந்தது.

உச்சி வந்தது. முதலில் வெகு தூரத்தில், ஒன்றாம் வீட்டுச் சுவரில் மூன்று. மெதுவாக ஒரு பதில். பிறகு கொஞ்சம் பக்கத்தில் மூன்று. ஒரு பதில். பிறகு அவள் முதுகுக்குப் பின்னாலேயே.

தொம். தொம். தொம்.

ஆடு எழுந்து நின்று சுவரைப் பார்த்தது. வாலை ஆட்டியது, சுப்பம்மாள் வாழைப்பழத் தோலோடு வரும்போது ஆட்டுகிற மாதிரி.

ஆயம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரின் மறுபக்கம் காத்திருந்தது. காத்திருப்பது நன்றாகத் தெரிந்தது. பிறகு சுப்பம்மாள் வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. தெருக்கல்லில் மெட்டி உரசியது. நாலு எட்டு. நின்றது.

“ஏ புள்ள ஆயம்மா. இருக்கியா?”

சுப்பம்மாள் குரல். சளி கட்டிய, கொஞ்சம் அவசரமான, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த குரல்.

“ஆயம்மா?”

அவள் பாய்ந்து போய்த் தாழை நீக்கிக் கதவைத் திறந்தாள். வெயில். வெறும் தெரு. எதிரே கிட்டங்கிக் கதவுகள். தெருக்கோடிக்கு மேலே, பச்சை கறுத்து, மலை நின்றது. மலைக்காரர்கள் பாதையில் இலந்தை முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார்கள். மேலேயிருந்து இனி யாரும் வரப்போவதில்லை.

பொழுது சாயும்போது அண்ணாமலை வாசலுக்கு எட்ட நின்று சொன்னான்.

“சுப்பம்மாக்கா போயிட்டாங்க. நேத்துக் காலம்பறவே.”

“நேத்துக் காலம்பறவா?”

“எனக்கே இப்பத்தாஞ் சொன்னாங்க. நேத்து வெய்யில் ஏர்றதுக்குள்ள பொதைச்சுட்டாங்களாம்.”

அண்ணாமலை கிளம்பாமல் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றான்.

“ஒண்ணு சொல்றனுங்க அம்மிணி, பயந்துக்காதீங்க. சாளையில கெடக்குற உங்க தெருக்காரங்க, உச்சியானாக் கட்டிலத் தட்டுறாங்களாமா. சாளைக்குச் செவுரு ஏது, ஓலதான? அதனால கட்டில் சட்டத்துல தட்டுறாங்களாமா. மொதல்ல ஒண்ணாவது ஊட்டுக் காத்தான் தாத்தன் காச்சலோட தட்டுனாரு. போயிட்டாரு. பொறகு அவரு கட்டில்ல இருந்து, ஆளில்லாமயே, தட்டுற சத்தம் கேட்டுச்சாம். ரெண்டாவது ஊட்டுக் குப்புசாமி நல்லாத்தான் இருந்தாரு, கஞ்சி குடிச்சுட்டு இருந்தாரு. பழக்கம் பாருங்க. கஞ்சிக் குண்டாவால ஒரு தட்டுப் பதில் தட்டிப்போட்டாரு. அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுது. சுப்பம்மாக்காளும் அப்படித்தான்.”

“பதில் தட்டாதவங்க?”

“தட்டாதவங்க யாருங்க இருக்காங்க? பொறந்ததுல இருந்து தட்டுற கை.”

அன்று இரவு அவள் தூங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். பயந்தவர்கள் தூங்க மாட்டார்கள் என்பதெல்லாம் சும்மா. படுக்கும் முன் ஒரு கணக்கை மட்டும் முடித்துக்கொண்டாள். பதில் தட்டினால், இருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னதாக ஆகும். அவர்கள் வரிசையில் ஒருத்தி ஆகிவிடுவாள். தட்டாவிட்டால் நாளைக்கு வருவார்கள். வரட்டும். கதவு அவளுடையது. தாழ் அவளுடையது. செத்தவர்கள் தட்டுக்கெல்லாம் எழுந்து ஓட அவள் யாருக்கும் நேர்ந்துவிட்டவள் அல்ல.

மூன்றாம் நாள், வெயில் ஏறும் நேரத்தில் சின்னுசாமி வந்தான். உயிரோடு, வியர்வையோடு, தெருவின் நடுவில் நின்றான்.

“நங்கை” என்று கூப்பிட்டான். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடும் முறையை அவன் சண்டையில்கூட விட்டதில்லை.

“வாங்க கொழுந்தனாரே. ஒலக்கையக் கையோட கொண்டாரலையா?”

“என்ன ஒலக்கை?”

“மூணாவது ஊட்டுல நின்னு என்னைய மெரட்டுறதுக்கு.”

“நா எதுக்கு மூணாவது ஊட்டுக்குப் போறேன்? தட்டோணும்னா என்ற ஊட்டுச் செவுத்துல நின்னே தட்ட மாட்டனா?”

அது அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. அவன் முகம் மாறியது. “தட்டு வருதா?” என்றான். “பதில் தட்டுனீங்களா?”

“இல்ல.”

“எத்தன நாளு?”

“இன்னிக்கோட மூணு.”

அவன் கிட்டங்கிப் படியில் மெல்ல உட்கார்ந்தான். ஒரு காலை மடக்க முடியாமல் அகட்டி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். “என்றகூட வந்துருங்க நங்கை. சாளை வேண்டாம், காளப்பநாயக்கன்பட்டியில என்ற மச்சான் ஊடு இருக்குது. இன்னிக்கு மட்டும் இங்க இருக்காதீங்க. ஊடு எங்கயும் போகாது.”

“ஊடு போகாது. நாந்தான் போயிருவேன். நா அக்கட்டால போனா நீ செவுத்த இடிப்ப. இடிக்க மாட்டேன்னு சொல்லு, வாரேன்.”

சின்னுசாமி நீட்டியிருந்த காலின் தொடையைப் பிடித்துக்கொண்டான்.

“இடிப்பேன்” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குறைந்தபட்சம் பொய் சொல்லத் தெரியாதவன். ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து தெருவில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் குடித்தான், பாதி கழுத்தில் வழிந்து சட்டை நனைந்தது. எழுந்து, தொடைகளுக்கு நடுவே எதையோ வைத்துக்கொண்டு நடப்பவன்போல், தெரு முகப்பைப் பார்த்து நடந்தான். அவன் அண்ணாமலையைத் தாண்டிப் போகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்த் தாழிட்டாள். தாழுக்குக் குறுக்கே மரக்கட்டையைச் செருகினாள். காலி நெல்குதிர் ஒன்றை உருட்டிக் கதவில் சாய்த்தாள்.

உச்சி வந்தது.

ஒன்றாம் சுவர். பதில். இரண்டாம் சுவர். பதில்.

மூன்றாம் சுவர்.

தொம். தொம். தொம்.

சுண்ணாம்பு அவள் தோளில் உதிர்ந்தது. அவள் அசையவில்லை.

அப்போது கிழக்குப் பக்கம், ஐந்தாம் வீட்டுச் சுவரில், ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. அவள் அனுப்பாத தட்டுக்குப் பதில்.

“சின்னுசாமி?” என்றாள்.

கதவிலிருந்த மரக்கட்டை தானாக நகரவில்லை. நெல்குதிர் உருளவில்லை. இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கதவு மட்டும், அவை இல்லாத கதவுபோல், அமைதியாக உள்பக்கம் திறந்தது.

வெயில் உள்ளே வந்தது. வெயிலோடு அவர்கள்.

முதலில் காத்தான் தாத்தன், கோலை ஊன்றிக்கொண்டு. அவர் பின்னால் குப்புசாமி, கஞ்சி காய்ந்த மீசையோடு. பிறகு சுப்பம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. முகத்தில் கோபம் இல்லை, பல் நீளவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ ஆகிவிட்டதே என்ற கவலைதான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“வெளிய போங்க” என்றாள். “யாரக் கேட்டு வந்தீங்க? நா இங்கதான் நிக்கிறேன். கண்ணு அவிஞ்சுபோச்சா?”

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனார்கள். சூடு இல்லை, குளிர் இல்லை. கீல் எண்ணெய் வாசனை மட்டும்.

“ஆயம்மா” என்று காத்தான் தாத்தன் கூப்பிட்டார்.

“இருக்கேன்!”

குப்புசாமி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான். “ஆயம்மாக்கா.”

“இருக்கேன்யா! இங்க பாரு!”

திறந்த கதவுக்கு அப்பால், தெரு முகப்பில், அண்ணாமலை தலை நிமிர்ந்தான். நேராக இந்த வீட்டைத்தான் பார்த்தான். அவள் கூச்சலிட்டாள். பேர் சொல்லிக் கூச்சலிட்டாள். அவன் கொட்டாவி விட்டு, முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

சுப்பம்மாள் மேற்குச் சுவரருகே நின்றாள். குழியில் காதை வைத்தாள்.

“ஏ புள்ள” என்றாள் மெதுவாக. “ஒரே ஒரு தட்டு. தட்டிப்போடு. நாங்க போயிருவோம்.”

கெஞ்சுகிற குரல். பதினெட்டு வருஷத்துக் குரல். ஆயம்மாளுக்குப் பிரசவம் தவறிப்போன அன்று இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த குரல்.

உலக்கை ஆயம்மாளின் கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பூண் பக்கம் முன்னால். கை பழகிய உயரம். தோள் பின்னால் போனது.

ஒரு தட்டு. தட்டினால் கேட்கும். திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணில் படுவாள். ‘இருக்கியாடி’ என்று சுப்பம்மாள் சிரிப்பாள். பிறகு எல்லாரும் சேர்ந்து போவார்கள்.

எல்லாரும்.

அவள் உலக்கையை வீசினாள். அது கூடத்தைத் தாண்டி விழுந்து உருண்டது. சத்தமே இல்லை. போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்து, குழியைப் பின்னந்தலையால் அடைத்துக்கொண்டாள். கையைக் கட்டினாள்.

“தட்ட மாட்டேன். போடி.”

சுப்பம்மாள் காதை எடுத்தாள். ஆயம்மாளின் முகத்துக்கு ஒரு சாண் மேலே, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“யாரும் இல்லீங்க” என்றாள்.

பிறகு மளமளவென்று நடந்தது. குப்புசாமி அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். புகை எழும்பியது. சுப்பம்மாள் பானையைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடிவந்து ஆயம்மாளின் பாதத்தை நனைத்தது. குளிர்ந்தது. அது மட்டும் குளிர்ந்தது. சுப்பம்மாள் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தாள். ஆடு அவள் கையை நக்கியது. கூடவே போனது. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தான் தாத்தன் வாசலில் நின்று, கோலால் தெருக்கல்லைத் தட்டி எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு.”

அஞ்சு என்றதும் ஒருவன் நிழலிலிருந்து முன்னால் வந்தான். நனைந்த சட்டை. கழுத்தில் மோர் இன்னும் காயவில்லை. இப்போது காலை அகட்டாமல், சுகமாக நடந்தான்.

அவன் மட்டும் உள்ளே, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை, ஒரு நொடி பார்த்தான். பார்த்தானா?

“ஊடு என்றது” என்றாள் ஆயம்மாள். குரல் உடையவில்லை. “பூட்டிட்டுப் போ. நா உள்ளதான் இருப்பேன். நீ செவுத்த இடிக்கிற அன்னிக்கும் இங்கதான் இருப்பேன். ஞாபகம் வெச்சுக்க.”

சின்னுசாமி தலை குனிந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போனான். கதவு அவன் பின்னால் வந்து பொருந்தியது. வெயில் ஒரு நூலாகி, அறுந்தது. வெளியே, நாதாங்கியில் இரும்பு கோத்தது.

பூட்டு விழுந்தது.